மழை சொன்ன சிஸ்டர்

ஊசியைக் கையில் எடுத்த பிறகுதான் அவர் எறும்பைப் பற்றிக் கேட்பார்.

"உங்க வீட்ல எறும்பு எப்படிப் போகுது தம்பி? சுவத்துல மேல ஏறுதா, தரையிலயே சுத்துதா?"

முதல் தடவை என்னிடம் கேட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடம். கம்பெனியில் வருடாந்திரப் பரிசோதனை என்று வெறும் வயிற்றோடு போயிருந்தேன். யோசித்துப் பதில் சொல்வதற்குள் ஊசி இறங்கி, குழாயில் ரத்தம் ஏறிவிட்டது. கவனத்தைத் திருப்ப இப்படி ஒரு தந்திரம் வைத்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"மேல ஏறுது சிஸ்டர். அடுப்படி ஜன்னல் வரைக்கும்."

"வாயில முட்டை இருக்கா?"

"அதைப் பார்க்கலையே."

"பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

மறுநாள் ரிப்போர்ட் வாங்கப் போனேன். என் சர்க்கரை அளவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பார்த்தீங்களா?" என்றார். தந்திரம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அவர் நர்ஸ் இல்லை, லேப் டெக்னீஷியன். ஆனால் வெள்ளைக் கோட்டும் கழுத்தில் சின்னச் சிலுவையும் இருந்ததால் எல்லோருக்கும் சிஸ்டர். ஐப்பசி பிறந்துவிட்டால் மழை சிஸ்டர். சேலையூர், மாடம்பாக்கம், அகரம்தென், பெருங்களத்தூர் என்று நாலா பக்கத்திலிருந்தும் சாப்பிடாமல் வந்து கையை நீட்டுகிறவர்களிடம் அவர் அந்தந்தத் தெருவின் சேதியை வாங்கிக்கொள்வார். தட்டான்பூச்சி தலைக்கு மேலே பறக்கிறதா, இடுப்பு உயரத்தில் பறக்கிறதா? வயல் வரப்பில் நண்டு வளையை மண்ணால் மூடியிருக்கிறதா? ஜாடியில் உப்பு நீர் விட்டிருக்கிறதா? நேற்று நிலாவைச் சுற்றி வட்டம் தெரிந்ததா? கேட்டதையெல்லாம் மனதில் போட்டுக்கொண்டு, மதியம் கூட்டம் ஓய்ந்ததும் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார். பிறகு சொல்வார். "நாளன்னிக்கு மழை." "இந்த வாரம் ஒன்னும் கிடையாது." நடுவில் எதுவும் இல்லை. வரலாம், வராமலும் போகலாம் என்ற பேச்சே அவரிடம் கிடையாது.

சொன்னதெல்லாம் பலித்துவிடுமா என்றால், இல்லை. பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். கைப்பேசியில் மழை சொல்கிறவர்களும் ஏறக்குறைய அந்தக் கணக்கில்தான் இருந்தார்கள். வித்தியாசம் என்னவென்றால், அவர்கள் தப்பாகிப் போனதைப் பற்றிப் பேசமாட்டார்கள். சிஸ்டர் பேசுவார். தேடி வந்து பேசுவார்.

எங்கள் தெருவிலேயே, செம்பாக்கம் ஏரிப் பக்கமாகக் கடைசி வீட்டில்தான் அவர் குடியிருந்தார் என்பது கொஞ்ச நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கணவர் இறந்து பல வருடம். ஒரே மகள் திருச்சியில். காலையில் ஸ்கூட்டியில் வேலைக்குக் கிளம்புகிறவர், வழியில் ஏதாவது ஒரு வாசலில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே குரல் கொடுப்பார். "அக்கா, நேத்து மழை வரும்னு சொன்னேன். வரல. துணியெல்லாம் உள்ளயே போட்டு நாறிப்போயிருக்கும். ஸாரி." சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த அக்கா அவர் பேச்சைக் கேட்டுத் துணியை உள்ளே போட்டாரா என்பதுகூட அவருக்குத் தெரியாது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவருடைய சர்ச்சிலிருந்து வீடு வீடாகப் போய்ப் பாட்டுப் பாடுவார்கள். ஒரு வருடம் இவர் பேச்சைக் கேட்டு மொத்தக் குழுவும் ரெயின்கோட்டோடு கிளம்பியது. வானம் நிறைய நட்சத்திரம். வேர்த்து ஊற்ற ஊற்றப் பாடி முடித்தார்கள். கடைசி வீட்டில் கேக் கொடுத்தபோது இவர் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாராம். போதகர் சிரித்துக்கொண்டே, "அடுத்த வருஷம் நீங்க பாட மட்டும் செய்யுங்க சிஸ்டர்" என்றாராம். இதையும் அவரேதான் எனக்குச் சொன்னார்.

மழையில் மட்டும் இல்லை. ஒரு தடவை ஒரே பெயர் உள்ள இரண்டு பேருடைய ரத்தக் குழாய்களில் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டார். சாயங்காலம்தான் கவனித்திருக்கிறார். இரண்டு பேருக்கும் ரிப்போர்ட் போய்விட்டது. கொட்டுகிற மழையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அகரம்தென்னுக்குப் போய், வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, "உங்களுக்குச் சர்க்கரை இல்லை, தப்பு என்னுது" என்று சொல்லிவிட்டு, அங்கிருந்து இன்னொரு வீட்டுக்கும் போய், "உங்களுக்குத்தான் இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். லேப் முதலாளிக்குக் கோபம். ஃபோனில் சொல்லி முடித்திருக்கலாமே என்று கத்தினார்.

"ஃபோன்ல சொன்னா அவங்க எப்படி சார் திட்டுவாங்க?" என்று கேட்டாராம் சிஸ்டர்.

எனக்கு அவரால் முதல் சிக்கல் வந்தது என் தங்கையின் கல்யாணத்தில்.

காலையில் கோயிலில் தாலி கட்டு. மாலையில் மாடம்பாக்கத்தில் ஒரு திறந்த மைதானத்தில் வரவேற்பு. கார்த்திகை மாதம் என்பதால் எனக்கு உள்ளூர பயம். சிஸ்டரிடம் போய்க் கேட்டேன். அவர் இரண்டு நாள் அவகாசம் கேட்டார். பிறகு வந்து, "ஒன்னு சொன்னா விட்டுடலாம் தம்பி. எறும்பு, தட்டான், நிலா மூணும் ஒரே மாதிரி சொல்லுது. மைதானம் வேண்டாம்" என்றார்.

நான் அப்பாவிடம் சிஸ்டர் பேச்சை எடுக்கவில்லை. எல்லோரும் மழை என்கிறார்கள் என்று மட்டும் சொல்லி, கடைசி நேரத்தில் சேலையூரில் ஒரு கடைக்கு மேலே இருந்த சின்ன ஹாலுக்கு மாற்றினேன். அன்று மாலை ஒரு பொட்டு மழை இல்லை. மேகமெல்லாம் ஆந்திரா பக்கம் போய்விட்டது. இதமான காற்று, சுத்தமான வானம், காய்ந்து கிடந்த மைதானம். ஹாலுக்குள் புழுக்கம். பந்திக்குக் காத்திருந்தவர்கள் வரிசை படிக்கட்டில் இறங்கித் தெரு வரை நின்றது. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வேன் வைத்துக் குடும்பத்தோடு வந்திருந்த என் சித்தப்பா, பந்தி மேல் பந்தியாக இடம் கிடைக்காமல் நின்று பார்த்துவிட்டு, சாப்பிடாமல் வேனில் ஏறிவிட்டார். அப்பா பின்னாலேயே ஓடினார். வேன் நிற்கவில்லை. அண்ணன் தம்பி பேச்சு அன்றோடு நின்றது.

அப்பா மூச்சு வாங்க மேலே ஏறி வந்தபோதுதான் சிஸ்டர், பட்டுப்புடவையும் கையில் பரிசுப் பொட்டலமுமாக, நேராக அவர் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, மழை வரும்னு தம்பிகிட்ட சொன்னது நான்தான். தப்பா சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோங்க."

அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சு கொஞ்சம் காரம். "யாரும்மா நீ?" என்றார்.

"லேப்ல ரத்தம் எடுக்கிறவங்கப்பா" என்றேன் நான்.

"ரத்தம் எடுக்கறவங்க பேச்சக் கேட்டுக்கினா கிரவுண்ட வுட்டுட்டு இந்தப் புறாக் கூண்டுக்கு வந்த? இன்னாடா நெனச்சிக்கினு கீற?"

பிள்ளை வீட்டார் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிஸ்டர் அசையாமல் நின்று முழுவதையும் வாங்கிக்கொண்டு, பரிசைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் இறங்கிப் போனார். பிறகு ஒரு நாள் அவரிடம் கேட்டேன். நீங்கள்தான் சொன்னீர்கள் என்று அங்கே யாருக்கும் தெரியாதே, எதற்கு வலிய வந்து சொன்னீர்கள்?

"உங்களைத் திட்டிட்டு இருப்பாங்கல்ல தம்பி. அதான்."

அதற்குப் பிறகு அப்பா அவரோடு பேசவில்லை. தெருவில் ஸ்கூட்டி சத்தம் கேட்டால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார்.

அப்புறம் அந்த வெள்ளம். அந்த வருடம் அப்பா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து படுக்கையில் இருந்தார். திரும்பிப் படுக்கக்கூட ஆள் வேண்டும். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. தெருக்கோடியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். மேடவாக்கத்தில் தங்கையின் வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. அங்கே கொண்டுபோய் விடலாம் என்று வண்டிக்குச் சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு அசைந்தாலே வலி. அழைத்துப் போவதா, வேண்டாமா என்று எனக்கு மனம் ஆடிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் மழை சற்று விட்டபோது சிஸ்டர் வாசல் வழியாகப் போனார். கூப்பிட்டுக் கேட்டேன்.

அவர் எங்கள் மதில் ஓரமாக நடந்து பார்த்தார். செம்பருத்திச் செடிக்கு மேலே அண்ணாந்து பார்த்தார். கையை நீட்டிக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தார்.

"தட்டானெல்லாம் மேல போயிடுச்சு. எறும்பு முட்டையைக் கீழ இறக்குது. காத்தும் திரும்பிடுச்சு. மழை இன்னியோட முடிஞ்சுது தம்பி. இந்த வலியோட அப்பாவை அலைக்கழிக்க வேண்டாம்."

வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் பளீரென்று வெயில். என் மனைவி பல நாள் ஈரத் துணியை எடுத்து மொட்டை மாடியில் உலர்த்தினாள். இட்லித் தட்டை அடுப்பில் வைத்திருந்தோம். அப்போதுதான் பின்பக்கத்துக் காலி மனையிலிருந்து ஆகாயத்தாமரையை அடித்துக்கொண்டு மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. மேலே எங்கேயோ ஓர் ஏரிக்கரை உடைந்துவிட்டது என்று யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். வாசல்படியைத் தாண்டி, கூடத்துக்குள் வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டில் கால்களை மூடியது. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அதுதான் எனக்கு நம்ப முடியாமல் இருந்தது.

நானும் மனைவியும் அப்பாவைத் தூக்கப் பார்த்தோம். அவர் வலியில் அலறினார். எங்கள் இரண்டு பேரால் முடியவில்லை. அக்கம்பக்கத்தில் அவரவர் வீட்டை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது இடுப்பளவுத் தண்ணீரில், மதில் சுவர்களைப் பிடித்துப் பிடித்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சிஸ்டர் வந்தார். வேலைக்குக் கிளம்பியிருப்பார் போல. தலையில் ஹெல்மெட் அப்படியே இருந்தது.

வந்ததும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்தார். அப்பாவை அதில் உட்கார வைத்து, படுக்கை விரிப்பால் சுற்றிக் கட்டினோம். நான் பின்னால், சிஸ்டரும் மனைவியும் முன்னால். வெளிப் படிக்கட்டு வழியாக ஒவ்வொரு படியாகத் தூக்கினோம். அப்பா எங்கள் மூன்று பேரையும் வாயில் வந்தபடி ஏசினார். மாடி வீட்டு வராந்தாவில் இறக்கி வைத்ததும் சிஸ்டர் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தப்பா சொல்லிட்டேன் தம்பி."

"இல்ல சிஸ்டர். மழை நின்னுடும்னு சொன்னீங்க, நின்னுடுச்சே."

"நீங்க மழையைப் பத்திக் கேட்கல. அப்பாவை இங்க வச்சுக்கலாமான்னு கேட்டீங்க. நான் எறும்பைப் பார்த்துட்டு அதுக்குப் பதில் சொல்லிட்டேன். மேல எந்தக் கரை உடையும்னு எறும்புக்கு என்ன தெரியும்? ஐயா, நீங்க மன்னிக்கணும்."

அப்பா நாற்காலியில் கட்டுண்டபடியே அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்ப அதான் முக்கியமா? மொதல்ல அந்த ஹெல்மெட்டக் கயட்டும்மா. பாக்கவே பேஜாரா கீது."

சிஸ்டர் தலையைத் தொட்டுப் பார்த்தார். அதுவரை அவருக்கு அது தெரியவில்லை. அந்த நிலைமையிலும் என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தண்ணீர் வடிந்த பிறகு அவர் வீட்டைப் போய்ப் பார்த்தேன். கதவைக்கூடப் பூட்டாமல் வந்திருக்கிறார். குளிர்சாதனப் பெட்டி குப்புறக் கிடந்தது. அலமாரியில் இருந்ததெல்லாம் சேறு.

அப்பாவும் அவரும் அதற்குப் பிறகு நெருக்கமாகிவிட்டார்கள். அப்பாவுக்கு இதயம் பலவீனமாகி அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டியிருந்தது. வீட்டுக்கே வந்து எடுப்பார். ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் படுத்தபடியே அப்பா அவருக்காக எறும்பைக் கவனித்து வைத்திருப்பார். "நேத்து ஏறிச்சு, இன்னிக்கு எறங்குது. இன்னாம்மா உன் எறும்பு, அதுக்கே ஒரு முடிவு இல்லியே" என்பார். மார்கழியில் புல்லின் மேல் சிலந்தி வலைகள் பனி கோத்துக் கிடந்தால் மழைக்காலம் முடிந்தது என்று சிஸ்டரின் தீர்ப்பு. அதை ஒவ்வொரு வீட்டிலும் அறிவித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து காப்பி குடிப்பார்.

வெள்ளத்துக்கு இரண்டு வருடம் கழித்து, கார்த்திகை முடியும் நேரம், அப்பாவின் கால்கள் வீங்கத் தொடங்கின. படுத்தால் மூச்சு முட்டும். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்குவார். ஒரு காலை சிஸ்டர் ரத்தம் எடுத்து, குழாயில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். நான் காப்பியோடு கதவருகில் நின்றேன்.

"டாக்டரும் சொல்லமாட்டான், இவனும் சொல்லமாட்டான். நீ சொல்லு" என்றார் அப்பா. "பொங்கலப் பாப்பனா நானு?"

சொல்ல வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். சிஸ்டர் என் பக்கம் திரும்பவில்லை. அப்பாவின் பாதத்தை விரலால் அழுத்தி, குழி விழுந்ததைப் பார்த்தார். நகங்களைப் பார்த்தார். அவர் மூச்சு விடுவதைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"பனி ஏற ஏற மூச்சு இன்னும் கஷ்டமாகும் ஐயா. பார்க்கமாட்டீங்கன்னுதான் எனக்குத் தோணுது. யாரையாவது பார்க்கணும்னு இருந்தா இப்பவே பார்த்துடுங்க."

அப்பா தலையை ஆட்டினார். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

நான் கேட் வரை சிஸ்டரின் பின்னாலேயே போனேன். "என்ன சிஸ்டர் இது? இதைச் சொல்ல நீங்க யாரு?"

"கேட்டாரே தம்பி."

"கேட்டா சொல்லிடுவீங்களா? எங்கப்பா என்ன தட்டான்பூச்சியா?"

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் லேபுக்கு ஃபோன் செய்து, இனிமேல் வேறு ஆளை அனுப்பும்படி சொல்லிவிட்டேன். என் மனைவி மட்டும், "அப்பாவே கேட்டப்போ அவங்க வேற என்ன செய்வாங்க?" என்றாள். நான் அவளோடும் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

அப்பா அன்று மதியமே கைப்பேசியை எடுத்துத் தரச் சொன்னார். யாருக்கு என்று கேட்டேன். சித்தப்பாவுக்கு என்றார்.

சித்தப்பா மறுநாளே வந்துவிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதலில் இரண்டு பேரும் மின்விசிறியைப் பற்றிப் பேசினார்கள். அது சத்தம் போடுகிறது, எண்ணெய் விட வேண்டும் என்று. பிறகு என் மனைவி சாப்பாடு எடுத்து வைத்தாள். தட்டைக் கட்டிலுக்கு அருகே கொண்டுவரச் சொன்னார் அப்பா.

"அன்னிக்குத் துன்னாம பூட்ட."

"குந்த எடம் இல்லியேண்ணா."

"இப்ப கீதுல்ல. துன்னு."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். அப்பா ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். குழம்பு ஊற்றச் சொன்னார், அப்பளம் போடச் சொன்னார். அதற்குப் பிறகு மார்கழி முழுக்க ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சித்தப்பா வந்தார். ஒவ்வொரு முறை அவர் கிளம்பும்போதும் இதுதான் கடைசி என்பது போல அப்பா கையைப் பிடித்துக்கொள்வார். நானும் ஒவ்வொரு விடியற்காலையும் எழுந்ததும் அப்பாவின் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன்.

பனி இறங்கியது. அப்பாவுக்கு மூச்சு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஏதோ ஒரு மாத்திரை கேட்டது, வீக்கம் வடிந்தது. பொங்கலன்று காலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சித்தப்பாவும் குடும்பத்தோடு வந்திருந்தார். பானை பொங்கி, எல்லோரும் கத்தி முடித்த நேரம், கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டி நின்றது.

சிஸ்டர் உள்ளே வரவில்லை. நான் வெளியே போனேன்.

"ஐயாவைப் பார்க்கணும் தம்பி. ஒரு நிமிஷம்தான்."

நான் வழி விட்டேன். நேராகப் போய் அப்பா முன்னால் நின்றார். இந்தத் தடவை ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"ஐயா, பொங்கலைப் பார்க்கமாட்டீங்கன்னு சொன்னேன். தப்பா சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோங்க."

அப்பா சிரித்தார். இருமல் வரும் வரை சிரித்தார். சித்தப்பா முதுகைத் தடவிவிட்டார்.

"நீ சரியா சொல்லியிருந்தா இன்னேரம் என் போட்டோவாண்ட நின்னுக்கினு இருந்திருப்ப. இதுக்கு மன்னிப்பு வேறயா? குந்தும்மா. டேய், சிஸ்டருக்குப் பொங்கல் வை."

நான்தான் வைத்தேன். சிஸ்டர் சாப்பிட்டார். என்னைப் பார்த்து, நெய் போதும் தம்பி என்றார். நானும் ஏதோ சொன்னேன். அதோடு எங்களுக்குள் இருந்ததும் சரியாகிவிட்டது. கிளம்புவதற்காக அவர் எழுந்தபோது அப்பா கேட்டார்.

"சரி, அடுத்த தீபாவளி? அதுக்கு இன்னா சொல்ற?"

சிஸ்டர் அப்பாவின் காலைக் குனிந்து பார்க்கவில்லை. நகத்தையும் பார்க்கவில்லை. முகத்தை மட்டும் பார்த்தார்.

"தெரியல ஐயா" என்றார்.

அத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. அப்பாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

"ஏதாச்சும் ஒன்னு சொல்லிட்டுப் போம்மா" என்றார். "தப்பாப் போனா வந்து சொல்லப் போற, அவ்ளோதான."